தீங்கு செய்யாத தீநுண்மி: இப்படி எழுதலாமா?

காட்பாடி ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்காகப் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி, நோய் எதையும் உண்டாக்காமல் மனித உடலில் தங்கியிருக்கும் வைரஸ்களைப் பற்றி விளக்க அட்டை ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறாள். வைரஸ் என்பதற்குத் ‘தீநுண்மி’ என்ற சொல்லைப் பயன்படுத்துமாறு நான்தான் சொன்னேன். ‘தீங்கு செய்யாத தீநுண்மிகள்’ என்று தலைப்பை எழுதி முடித்த பிறகு அவளே பேனாவை மூடி வைத்துவிட்டு, ‘சார், பெயரிலேயே தீமை இருக்கிறதே, பிறகு எப்படித் தீங்கு செய்யாது என்று எழுதுவது?’ என்று கேட்டாள். எனக்கு உடனே விடை தோன்றவில்லை. ‘நச்சுயிரி’ என்று மாற்றினாலும் சிக்கல் தீராது. லத்தீன் மொழியில் வைரஸ் என்ற சொல்லுக்கே நஞ்சு என்றுதான் பொருள்.

தயிரில் இருக்கும் பாக்டீரியா நல்லது என்பதை இன்று எல்லாரும் ஏற்றுக்கொள்கிறார்கள். வைரஸுக்கு அந்த நற்பெயர் இன்னும் கிடைக்கவில்லை. பாடநூல்களைப் புரட்டினால் போலியோ, டெங்கு, வெறிநாய்க்கடி, எய்ட்ஸ் என்று நோய்களின் வரிசையாகவே அது அறிமுகமாகிறது. ஆகவே கேட்கிறேன்: நம் உடலில் உண்மையிலேயே எத்தனை விதமான வைரஸ்கள் சாதுவாக இருக்கின்றன? அவற்றைச் சாது என்று எந்தத் துணிவில் சொல்கிறோம்?

சத்துவாச்சாரி முதியவன்

வணக்கம், ஆசிரியரே. நுண்ணுயிரியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சற்று நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் உடலில் உள்ள வைரஸ்களில் மிகப் பெரும்பான்மை நம் உயிரணுக்களைத் தொடுவதே இல்லை. குடலிலும் வாயிலும் தோலிலும் வாழும் பாக்டீரியாக்களுக்குள் புகுந்து பெருகும் ‘ஃபேஜ்’ வகைகள் அவை. இலண்டனில் டுவோர்ட் 1915-ல் இவற்றின் அடையாளத்தைக் கண்டார். 1917-ல் பாரிஸில் பணியாற்றிய டி ஹெரேல், சீதபேதியிலிருந்து தேறிக்கொண்டிருந்தவர்களின் மலத்தில் பாக்டீரியாவைக் கரைத்தழிக்கும் ஏதோ ஒன்று இருப்பதைக் கண்டு, பாக்டீரியாவை உண்பது என்ற பொருளில் பெயரும் வைத்தார். அதாவது, மனிதக் குடலில் வைரஸ் உண்டு என்ற செய்திக்கு நூறு வயது தாண்டிவிட்டது. ஆனால் அவற்றை வளர்த்துப் பார்க்க வேண்டுமானால் முதலில் அவை வாழும் பாக்டீரியாவை வளர்க்க வேண்டும். காற்றுப் பட்டால் சாகும் குடல் பாக்டீரியாக்களை வளர்ப்பது எளிதன்று. அதனால் வைரஸ்களின் வகைமை எவ்வளவு பெரியது என்று பல பத்தாண்டுகள் யாருக்கும் தெரியவில்லை.

வளர்க்காமலேயே படிக்கும் வழி வந்த பிறகுதான் கதவு திறந்தது. மலத்தைக் கரைத்து, பாக்டீரியா நுழைய முடியாத நுண்துளை வடிகட்டியில் வடித்து, மிஞ்சியதன் டிஎன்ஏவைப் பிரித்து, அதன் எழுத்துவரிசையைப் படிப்பார்கள். அமெரிக்க ஆய்வாளர்களான மையா பிரைட்பார்ட்டும் ஃபாரஸ்ட் ரோவரும் தங்கள் குழுவினருடன் 2003-ல் இப்படி ஆரோக்கியமான ஒரே ஒருவரின் மலத்தை ஆராய்ந்து, அதில் ஏறத்தாழ 1,200 வகை வைரஸ்கள் இருக்கக்கூடும் என்று மதிப்பிட்டார்கள். அவற்றில் பெரும்பாலானவை அதுவரை எந்தப் பட்டியலிலும் இல்லாதவை.

இன்னொரு நிகழ்ச்சி எனக்கு மிகவும் பிடித்தது. 2014-ல் சான் டியேகோவில் இருந்த குழுவினர், ஏற்கெனவே வேறொருவர் படித்து வெளியிட்டிருந்த குடல் டிஎன்ஏ தரவுகளைக் கணினியில் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தபோது, சுமார் 97,000 எழுத்துகள் கொண்ட ஒரு முழு வைரஸ் அங்கே எல்லார் கண்ணிலும் படாமல் கிடந்ததைக் கண்டார்கள். பயன்படுத்திய மென்பொருளின் பெயராலேயே அதைக் ‘கிராஸ்ஃபேஜ்’ என்று அழைத்தார்கள். தேடிப் பார்த்தால் உலகின் பல நாடுகளில், ஏறக்குறைய இருவரில் ஒருவர் குடலில் அது இருந்தது. அவ்வளவு பரவலாக இருந்தும் அதன் உறவினன் ஒன்றை ஆய்வகத்தில் வளர்த்துக் காட்ட 2018 வரை ஆயிற்று. அயர்லாந்தின் கார்க் நகரத்தார் அதைச் செய்தார்கள். 2021-ல் 28 நாடுகளின் 28,060 குடல் மாதிரிகளின் தரவுகளிலிருந்து 1,42,809 ஃபேஜ் மரபணுத்தொகுதிகள் தொகுக்கப்பட்டன. மாணவியின் அட்டையில் ஓர் எண் வேண்டுமானால் இதைப் போடலாம். இது எண்ணி எடுத்தது, ஊகித்தது அன்று.

ஒரே கருவில் உருவான இரட்டையரின் குடல் வைரஸ்களும் ஒன்றாக இருப்பதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2010-ல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், ஒருவரின் வைரஸ் கூட்டம் அவரது உடன்பிறந்த இரட்டையரிடமிருந்து வேறுபட்டிருந்தது. ஆனால் ஓராண்டு கழித்துப் பார்த்தபோது அவரவரிடம் இருந்தவற்றில் மிகப் பெரும்பாலானவை அப்படியே நீடித்தன.

பாலாறு வற்றாது

முதியவர் ஐயாவுக்கு வணக்கம். மறுப்புச் சொல்வதாக எண்ண வேண்டாம். நான் பொறியாளன், கணக்கு இடித்தால் கேட்டுவிடுவேன்.

இணையத்தில் எங்கு பார்த்தாலும் மனித உடலில் 380 லட்சம் கோடி வைரஸ்கள் இருப்பதாக எழுதுகிறார்கள். இதை யார் எண்ணினார்கள்? அடுத்து, பாக்டீரியாவுக்குள் வாழும் ஃபேஜை நம் உடலின் வைரஸ் என்று சொல்வது, நம் வீட்டில் குடியிருப்பவர் வளர்க்கும் கோழியின் மேலுள்ள பேனை வீட்டுக்காரரின் ரேஷன் அட்டையில் சேர்ப்பதைப் போல இருக்கிறது. அது நம்மைத் தொடாதபோது, நமக்குத் தீங்கு செய்யவில்லை என்று சான்றிதழ் கொடுப்பதில் என்ன பெருமை?

சத்துவாச்சாரி முதியவன்

கோழிப்பேன் உவமையை நான் களவாடிக்கொள்கிறேன், தம்பி.

எண்ணைப் பற்றிய ஐயம் நியாயமானது. தலை முதல் கால் வரை ஒருவரை வடிகட்டி யாரும் எண்ணியதில்லை. ஒரு கிராம் மலத்தில் 100 கோடி அளவில் வைரஸ் துகள்கள் இருப்பதை ஒளிரும் சாயம் ஏற்றி நுண்நோக்கியில் காண முடிகிறது; அதைக் குடலின் கொள்ளளவால் பெருக்கி, மற்ற உறுப்புகளுக்கும் ஒரு தோராயத்தைச் சேர்த்தால் 10 லட்சம் கோடி என்றும், வேறு கணக்கில் அதைவிடப் பல மடங்கு என்றும் வரும். இப்படிப் பெருக்கிய எண்களுக்கு ஒரு முன்கதை உண்டு. மனித உயிரணுக்களைப் போல் பத்து மடங்கு பாக்டீரியா நம்மிடம் இருப்பதாக நானே முப்பது ஆண்டுகள் வகுப்பில் சொல்லிவந்தேன். அது 1970-களில் ஒருவர் போட்ட கைக்கணக்கு. 2016-ல் இஸ்ரேலைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஒழுங்காகக் கணக்கிட்டபோது பாக்டீரியா சுமார் 38 லட்சம் கோடி, மனித உயிரணு சுமார் 30 லட்சம் கோடி என்று ஆயிற்று. பத்து மடங்கு என்பது ஏறக்குறைய சமமாகச் சுருங்கியது. வைரஸ் கணக்குக்கும் ஒருநாள் அந்தக் கதி வரலாம். எனவே மொத்த எண்ணை விடுத்து, ‘ஒரு கிராமில் 100 கோடி அளவில்’ என்பதோடு நின்றுகொள்வதே அட்டைக்கு மரியாதை.

கோழியின் பேனுக்கு வருவோம். அந்தப் பேன் கோழியைக் கட்டுக்குள் வைத்தால் வீட்டுக்காரருக்கு அதில் அக்கறை உண்டல்லவா? குடலின் உட்சுவரை மூடியிருக்கும் கோழைப் படலத்தில் ஃபேஜ்கள் அடர்த்தியாக ஒட்டிக்கொண்டிருப்பதை 2013-ல் காட்டினார்கள். அவற்றின் மேலுறையில் உள்ள ஒரு புரதப் பகுதி கோழையின் சர்க்கரைகளைப் பற்றிக்கொள்கிறது. சுவரை நோக்கி வரும் பாக்டீரியா அங்கே முதலில் ஃபேஜிடம் அகப்படுகிறது. ஆய்வகத் தட்டில் வளர்த்த உயிரணுக்களில் இப்படிக் காவல் நடந்தது. நம் குடலுக்குள் இது எந்த அளவுக்கு நடக்கிறது என்பதில் இன்னும் வாதம் உண்டு என்பதால், காவல்காரர் என்று பட்டம் சூட்டிவிடாதீர்கள்.

ராணிப்பேட்டை ஆய்வுக்கூடம்

ஃபேஜைத் தவிர்த்து, நம் சொந்த உயிரணுக்களிலேயே வாழும் சாதுக்களும் உண்டு என்பதால் இடையே நுழைகிறேன். நான் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பணிபுரிகிறேன்.

1997-ல் ஜப்பானில், இரத்தம் ஏற்றிய பிறகு கல்லீரல் அழற்சி வந்த ஒரு நோயாளியிடம் புதிய வைரஸ் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அவருடைய பெயரின் முதலெழுத்துகள் டி.டி. என்பதால் வைரஸுக்கும் அதுவே பெயராயிற்று. குற்றவாளி அகப்பட்டான் என்று எண்ணி மற்றவர்களையும் சோதித்தால், எந்த நோயும் இல்லாதவர்களிடமும் அது இருந்தது. பிறகு பல நாடுகளில் செய்த ஆய்வுகளில் வயது வந்தோரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அது காணப்பட்டது. ஊரில் எல்லார் வீட்டிலும் இருக்கும் ஒருவனைத் திருடன் என்று எப்படிச் சொல்வது? நோயாளியின் முதலெழுத்துகளை மாற்றாமல், மெல்லிய ஆரம் என்ற பொருள்படும் லத்தீன் சொற்களைப் பொருத்தி ‘டார்க் டெனோ’ என்று பின்னர் பெயரைத் திருத்தினார்கள். வளையமாக முடிந்த ஒற்றை இழை டிஎன்ஏ, மொத்தம் சுமார் 3,800 எழுத்துகள். ஆரம் என்பது பொருத்தம்தான். இதன் குடும்பத்துக்கு ‘அனெல்லோ’, அதாவது சிறு மோதிரம் என்று பெயர். ஒரே ஆளின் இரத்தத்தில் இக்குடும்பத்தின் பல உருவங்கள் ஒரே காலத்தில் இருக்கும்.

கல்லீரல் அழற்சியின் பெயரால் வீண்பழி சுமந்த இன்னொன்று, 1995-ல் கண்டறியப்பட்ட பெகி வைரஸ். முதலில் ‘ஹெப்பாடைட்டிஸ் ஜி’ என்றே அழைத்தார்கள். கல்லீரலுக்கு அது எதுவும் செய்வதாக நிறுவ முடியாமல் அந்தப் பெயரைக் கைவிட்டார்கள். எச்ஐவி உள்ளவர்களில் இந்த வைரஸும் சேர்ந்திருந்தோர் அதிக காலம் உயிர் வாழ்ந்ததாக 2001-ல் இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன. 1986-ல் சென்னையில் எடுத்த இரத்த மாதிரிகளை வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் சோதித்துத்தான் இந்தியாவில் எச்ஐவி இருப்பது முதன்முதலில் தெரியவந்தது என்பதால், இச்செய்தியைப் படித்தபோது எனக்கு ஒரு தனிக் கவனம் ஏற்பட்டது.

பொறியாளர் சகோதரருக்கும் ஒரு கணக்கு சொல்கிறேன். 2017-ல் 8,240 பேரின் இரத்தத்திலிருந்து படித்த டிஎன்ஏ தரவுகளைச் சலித்துப் பார்த்ததில் 94 வைரஸ்களின் தடயங்கள் கிடைத்தன. ஆனால் அவற்றில் 19 மட்டுமே மனிதரைத் தொற்றும் வைரஸ்கள். அவற்றுள் ஏதேனும் ஒன்று 42 விழுக்காட்டினரிடம் இருந்தது. எஞ்சியவற்றில் பல, சோதனைக்குப் பயன்படுத்தும் வேதிப்பொருள்களோடு வந்து சேர்ந்த மாசு. எங்கள் துறையில் இருப்பவர்களுக்கு இது புதிதன்று. குழாயில் உள்ளதையும் ஆளில் உள்ளதாக எழுதிவிடுவது எளிது.

குடியாத்தம் தறி

அம்மா, உங்கள் பதிவைப் படித்த பிறகு என் அனுபவத்தைச் சொல்லத் துணிகிறேன். நான் ஐந்து மாத கர்ப்பிணி. ஒரு தனியார் ஆய்வகத்தில் எடுத்த பரிசோதனையில் ‘சைட்டோமெகலோ வைரஸ் ஐஜிஜி பாசிட்டிவ்’ என்று தடித்த எழுத்தில் அச்சிட்டுக் கொடுத்தார்கள். விளக்கம் கேட்டதற்கு, மருத்துவரிடம் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்தவரை அழைத்தார்கள். மருத்துவரைப் பார்க்க மூன்று நாள் இருந்தது. அந்த மூன்று நாளும் என் மாமியார் தறிக்கே போகவில்லை. வயிற்றில் உள்ள பிள்ளைக்கு வைரஸ் வந்துவிட்டதாகத் தெருவே பேசியது. அதுவும் சாதுவான வைரஸ்களில் ஒன்றுதானா?

ராணிப்பேட்டை ஆய்வுக்கூடம்

தங்கையே, அந்த மூன்று நாள் பட்ட துன்பத்துக்கு எங்கள் தொழிலைச் சேர்ந்தவர்கள் வெட்கப்பட வேண்டும். ஐஜிஜி என்பது என்றோ வந்துபோன தொற்றை உடல் நினைவில் வைத்திருப்பதன் அடையாளம். அண்மையில் தொற்று வந்ததா என்பதற்கு ஐஜிஎம் உள்ளிட்ட வேறு சோதனைகளைச் சேர்த்துப் பார்ப்பார்கள். நம் நாட்டில் பிள்ளைப்பேற்று வயதில் உள்ள பெண்களில் மிகப் பெரும்பாலோருக்கு இந்த ஐஜிஜி பாசிட்டிவ் என்றுதான் வரும். சிறுவயதில் சளி, காய்ச்சல் என்று வந்து போயிருக்கும், அல்லது எதுவுமே தெரிந்திருக்காது. பிறகு அந்த வைரஸ் உடலை விட்டுப் போவதில்லை. சில உயிரணுக்களில் வாழ்நாள் முழுவதும் உறங்கிக் கிடக்கும்.

ஆனாலும் இதைச் சாதுக்களின் பட்டியலில் நான் சேர்க்க மாட்டேன். கர்ப்ப காலத்தில் முதன்முறையாகத் தொற்றினால் குழந்தையின் காது கேட்கும் திறன் வரை பாதிக்கப்படலாம். பழைய தொற்று உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து மிகக் குறைவு. உங்கள் மருத்துவர் முழு அறிக்கையையும் பார்த்து என்ன சொன்னார் என்பதே முடிவானது.

குடியாத்தம் தறி

அவரும் பழைய தொற்று என்றுதான் சொன்னார், அக்கா. மாமியார் அன்று மாலையே தறியில் உட்கார்ந்துவிட்டார்.

ஆற்காடு மக்கன் பேடா

மேலே வந்த விடையில்தான் ஆசிரியரின் கேள்விக்கான திறவுகோல் இருப்பதாக எனக்குப் படுகிறது. ஒரே வைரஸ் ஒருவரிடம் உறங்குகிறது, இன்னொருவரிடம் கேடு செய்கிறது என்றால், தீங்கு என்பது வைரஸின் குணமா, அல்லது அது இருக்கும் இடத்தின் நிலையா?

நான் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டவன். ஏழாவது ஆண்டு நடக்கிறது. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு முதல் ஆண்டில் என் இரத்தத்தையும் சிறுநீரையும் அடிக்கடி ‘பிகே’ என்ற வைரஸுக்காகச் சோதித்தார்கள். வயது வந்தோரில் பெரும்பாலோரின் சிறுநீரகத்திலும் சிறுநீர்ப்பாதையிலும் இது சிறுவயதிலேயே குடியேறி, எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருக்கிறதாம். எங்களைப் போன்றவர்களுக்குப் புதிய சிறுநீரகத்தை உடல் தள்ளிவிடாதிருக்க நோயெதிர்ப்பாற்றலை மருந்தால் அடக்கி வைப்பார்கள். அடக்குவது சற்று மிகுந்தால் அதே வைரஸ் பெருகிப் பொருத்திய சிறுநீரகத்தையே கெடுக்கும். அதற்கென்று உறுதியான தனி மருந்து கிடையாது என்பதால், அடக்கும் மருந்தின் அளவைக் குறைப்பதுதான் முதல் சிகிச்சை. எனக்கும் ஒருமுறை குறைத்தார்கள். நோயெதிர்ப்பாற்றல் தலையெடுத்ததும் அது மறுபடியும் அடங்கிவிட்டது. வைரஸ் மாறவில்லை, நான்தான் மாறினேன்.

பின்னர் படித்துத் தெரிந்துகொண்ட ஒரு தற்செயல்: இந்தியாவில் வெற்றிகரமான முதல் சிறுநீரக மாற்று அறுவை நம் வேலூர் சிஎம்சியில் 1971-ல் நடந்தது, பிகே வைரஸை இலண்டனில் ஒரு மாற்றுச் சிறுநீரக நோயாளியின் சிறுநீரில் கண்டுபிடித்ததும் அதே 1971-ல்தான். அதன் பெயரும் அந்த நோயாளியின் முதலெழுத்துகளே.

சத்துவாச்சாரி முதியவன்

மிகச் சரியாகச் சொன்னீர்கள். ராணிப்பேட்டை அம்மா குறிப்பிட்ட டார்க் டெனோ வைரஸை இதே காரணத்துக்காக ஓர் அளவுகோலாகப் பயன்படுத்த முயல்கிறார்கள். அடக்கும் மருந்து மிகுந்தால் இரத்தத்தில் அதன் அளவு ஏறுகிறது, குறைந்தால் இறங்குகிறது. அது தானாக ஒரு கேடும் செய்யாததால், உடலின் எதிர்ப்பு எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்பதை மட்டும் காட்டிக்கொடுக்கிறது. ஐரோப்பாவில் அதன் அளவைப் பார்த்தே மருந்தின் அளவைத் தீர்மானிக்கும் சோதனைகளை நடத்தி வருகிறார்கள். சாதுவுக்கும் ஒரு வேலை கிடைத்திருக்கிறது.

இலவம்பாடி உழவன்

படித்தவர்கள் நடுவில் ஒரு விவசாயியின் கேள்வி. எங்கள் பக்கம் முள்ளுக்கத்தரிக்குப் பெயர் பெற்றது என்றாலும், நான் ஊடே மிளகாயும் குடைமிளகாயும் போடுகிறேன். இலை தேமல் விட்டு, காய் சொத்தையாகிச் சிறுத்துப் போகும் நோய்க்கு வைரஸ்தான் காரணம் என்று வேளாண்மை அலுவலகத்தில் சொன்னார்கள். அந்தக் காயை நாம் தின்கிறோம், காயவைத்துத் தூளாக்கியும் தின்கிறோம். அந்த வைரஸ் வயிற்றுக்குள் போய் என்ன ஆகிறது?

ராணிப்பேட்டை ஆய்வுக்கூடம்

அண்ணா, இந்த இழையிலேயே சிறந்த கேள்வி உங்களுடையதுதான். 2006-ல் ஆரோக்கியமானவர்களின் மலத்தில் ஆர்என்ஏ வைரஸ்களைத் தேடினார்கள். மனித நோய் வைரஸ் ஏதாவது அகப்படும் என்று பார்த்தால், அங்கே மிகுதியாக இருந்தது மிளகாயின் தேமல் வைரஸ்! உலர்ந்த மலத்தில் கிராமுக்கு 100 கோடி வரை இருந்தது. சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருந்து சோதித்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரிடம் அது காணப்பட்டது. மிளகாய்ச் சாறு, மசாலாப் பொருள்கள் வழியாக உள்ளே போய், வயிற்று அமிலத்தையும் தாண்டி, செடியைத் தொற்றும் வல்லமை குறையாமலேயே வெளியே வந்திருந்தது. அந்த மலத்திலிருந்து எடுத்ததை மிளகாய்ச் செடியில் தடவியபோது செடிக்கு நோய் வந்தது.

இதைக் குடியிருப்பவர் என்று எண்ணக் கூடாது, வழிப்போக்கர் என்றுதான் எண்ண வேண்டும். நம் உயிரணுவில் பெருகுவதற்கான வழி அதற்குத் தெரியாது. பிரான்சில் ஒரு குழுவினர் 2010-ல், இந்த வைரஸ் மலத்தில் இருந்தவர்களுக்கு வயிற்றுவலியும் காய்ச்சலும் சற்று அதிகமாக இருந்ததாக எழுதினார்கள். காரத்தைத் தின்றவர்களுக்கு வயிறு எரிந்திருக்கலாம் என்ற ஐயத்தையும் அவர்களே எழுப்பினார்கள். நம் ஊர்க் காரக்குழம்பு தின்றவர்களைச் சோதித்திருந்தால் கட்டுரையே வந்திருக்காது என்று எனக்குத் தோன்றும்.

பாலாறு வற்றாது

குடியிருப்பவர், குடியிருப்பவரின் கோழிப்பேன், வழிப்போக்கர் என்ற மூன்று பிரிவும் எனக்கு இப்போது தெளிவாகிறது. கங்கை நீரில் கிருமி சாகும் என்று நம் பெரியவர்கள் சொன்னதும் ஃபேஜால்தான் என்கிறார்களே, அது மெய்யா?

சத்துவாச்சாரி முதியவன்

ஹாங்கின் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் 1896-ல் கங்கை, யமுனை நீரில் காலரா கிருமி சாவதையும், அந்நீரைக் கொதிக்க வைத்தால் அந்த ஆற்றல் போய்விடுவதையும் பதிவு செய்தார். காரணம் ஃபேஜாக இருக்கலாம் என்பது பிற்காலத்தார் கருத்து. அவருக்கு அந்தப் பெயரே தெரியாது. எந்த ஆற்று நீரையும் அப்படியே குடிக்கலாம் என்பதற்கு இது சான்று ஆகாது. உங்கள் புனைபெயருக்கு உரிய ஆற்றில் கலந்த தோல் தொழிற்சாலைக் குரோமியத்தை எந்த ஃபேஜும் தின்னாது என்பதையும் வருத்தத்துடன் சேர்த்துச் சொல்கிறேன். குடலுக்குத் திரும்புவோம்.

காட்பாடி ஆசிரியர்

எல்லாருக்கும் நன்றி. உங்கள் பதிவுகளை மாணவிக்குப் படித்துக் காட்டினேன். அவள் இரண்டு கேள்விகளோடு வந்தாள். ஒன்றுக்கு நானே தேடி விடை கண்டேன்.

பிறந்த குழந்தையிடம் இவை எப்போது வருகின்றன என்பது முதல் கேள்வி. 2020-ல் வெளியான ஓர் ஆய்வில், பிறந்தவுடன் கழிக்கும் கருமலத்தில் வைரஸ் அநேகமாக இல்லை. ஒரு மாதத்துக்குள் கிராமுக்கு 100 கோடி என்ற அளவை எட்டிவிடுகிறது. முதலில் வருபவை குடியேறிய பாக்டீரியாக்களின் டிஎன்ஏவுக்குள் ஒளிந்திருந்து வெளிப்படும் ஃபேஜ்கள். மனித உயிரணுக்களைத் தொற்றுபவை நான்காம் மாத அளவில் கூடுகின்றன, தாய்ப்பால் குடித்த குழந்தைகளிடம் அவை குறைவாகவே இருந்தன.

இதைத் தேடும்போதுதான் நம் ஊரின் பெயரும் வந்தது. வேலூரின் ஏழைக் குடியிருப்புகளில் 373 குழந்தைகளைப் பிறந்தது முதல் மூன்றாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், பாதிக்கு மேற்பட்டவர்களை ஆறு மாதத்துக்குள்ளேயே ரோட்டா வைரஸ் தொற்றியிருந்தது. ஆனால் தொற்றிய எல்லாருக்கும் வயிற்றுப்போக்கு வரவில்லை. குழந்தைகளைக் கொல்லும் வைரஸ் என்று நாம் அஞ்சுவதும் பல உடல்களில் ஓசையின்றி வந்து போகிறது. 1980-களில் டெல்லி மருத்துவமனை ஒன்றில் நோயின்றி இருந்த பச்சிளம் குழந்தைகளிடம் கிடைத்த ரோட்டா வைரஸ் ஒன்றே ‘ரோட்டாவாக்’ தடுப்பு மருந்தாயிற்று. டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் அதைச் சோதித்து, 2016 முதல் அரசுத் திட்டத்தில் சொட்டு மருந்தாகக் கொடுக்கிறார்கள். தீங்கு செய்யாத ஒரு வடிவம், தீங்கு செய்யும் தன் உறவினரைத் தடுக்கப் பயன்பட்டிருக்கிறது.

அவளுடைய இரண்டாவது கேள்வி எனக்கு எட்டவில்லை. நம் டிஎன்ஏவிலேயே வைரஸ் இருப்பதாக எங்கோ படித்தாளாம்.

சத்துவாச்சாரி முதியவன்

படித்தது சரிதான். மனித மரபணுத்தொகுதியில் சுமார் 8 விழுக்காடு, நம் முன்னோர்களின் கருவணுக்களைப் பெரும்பாலும் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பு தொற்றிய ரெட்ரோ வைரஸ்களின், அதாவது தாம் தொற்றும் உயிரணுவின் டிஎன்ஏவுக்குள் தம் மரபணுவை நுழைத்துவிடும் வைரஸ்களின், மிச்சம். பெரும்பகுதி சிதைந்து செயலற்றுக் கிடக்கிறது. ஆனால் சில விலக்குகள் உண்டு, அவற்றுள் ஒரு வைரஸின் கதை இது. தன் உறையை உயிரணுவோடு இணைக்க அந்த வைரஸ் பயன்படுத்திய புரதத்தை, கருவில் உள்ள உயிரணுக்களை ஒன்றோடொன்று இணைத்துத் தாய்க்கும் சேய்க்கும் இடையேயான படலத்தை உருவாக்க நம் உடல் பயன்படுத்திக்கொள்கிறது. ‘சின்சைட்டின்’ என்ற இப்புரதத்தின் மூலம் வைரஸ்தான் என்பது 2000-ல் தெரிந்தது.

உங்கள் மாணவி சொல்லாராய்ச்சியில் ஆர்வமுள்ளவள் என்பதால் இதையும் சொல்லுங்கள்: நஞ்சு என்று லத்தீனில் பெயர் பெற்ற ஒன்று கொடுத்த புரதத்தால் உருவாகும் உறுப்புக்கு நம் தமிழில் பெயர் நஞ்சுக்கொடி. தற்செயல்தான், ஆனாலும் நல்ல தற்செயல்.

ஆற்காடு மக்கன் பேடா

அப்படியானால் தலைப்பு என்ன ஆயிற்று, ஆசிரியரே?

காட்பாடி ஆசிரியர்

‘தீநுண்மி’யை எடுத்துவிட்டாள். ‘நம்மோடு இருக்கும் வைரஸ்கள்: எப்போது சாது, எப்போது இல்லை’ என்று எழுதியிருக்கிறாள். அட்டையின் நடுவே ஒரு வீடு வரைந்து, வீட்டுக்காரர், குடியிருப்பவர், கோழி, பேன், திண்ணையில் இளைப்பாறும் வழிப்போக்கர் என்று படம் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் வைரஸின் பெயர் எழுதியிருக்கிறாள். பொறியாளருக்கு அவள் சார்பில் நன்றி. வீட்டுக்காரர் காய்ச்சலில் படுத்திருக்கும் இன்னொரு படத்தையும் அருகில் வரைந்து, அங்கே அதே குடியிருப்பவர் சமையலறைக்குள் நுழைவதாகக் காட்டியது முழுக்க அவளுடைய கற்பனை.

கடைசியாக ஒன்று கேட்கச் சொன்னாள். மிளகாய் வைரஸ் இவ்வளவு வெளியேறுகிறது என்றால், நம் ஊர்ச் சாக்கடையிலும் அது இருக்குமா?

ராணிப்பேட்டை ஆய்வுக்கூடம்

இருக்கும். மிளகாய் தின்னும் ஊர் எல்லாவற்றின் கழிவுநீரிலும் இருக்கும். ஓர் ஏரியிலோ கிணற்றிலோ மனித மலம் கலந்திருக்கிறதா என்று அறிய, பல நாடுகளில் இந்த மிளகாய் வைரஸையும் முதியவர் ஐயா சொன்ன கிராஸ்ஃபேஜையும்தான் தேடுகிறார்கள். கொரோனா காலத்தில் சாக்கடை நீரில் நோய்க்கிருமியை அளந்தபோதும், மழையால் நீர் எவ்வளவு நீர்த்திருக்கிறது என்பதை மிளகாய் வைரஸின் அளவோடு ஒப்பிட்டே பல இடங்களில் கணக்கிட்டார்கள். உழவர் அண்ணாவின் வயலிலிருந்து வந்தது என்று வழிப்போக்கரின் படத்துக்குக் கீழே ஒரு மிளகாயையும் வரையச் சொல்லுங்கள்.

இலவம்பாடி உழவன்

நோயில்லாத மிளகாயாக வரையச் சொல்லுங்கள், ஆசிரியரே. விலை போக வேண்டும்.